தலைக்கு ஏழு ரூபாய்

மூக்காயி மயங்கி விழுந்தபோது திரையில் யாரும் சாகவில்லை. கதாநாயகன் குதிரை மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அதனால், துக்கம் தாங்காமல்தான் விழுந்தாள் என்று கொட்டகைக்காரர் பிச்சைமுத்துவால் சாதிக்க முடியவில்லை.

"வெக்கைங்க! உள்ள வச்சு அவிக்கிறாங்கங்க!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து கூச்சல் கிளம்பியது.

"சோடா! சோடா கொண்டாங்கப்பா!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து பதில் கூச்சல் கிளம்பியது.

மூன்று சோடா வந்தது. ஒன்றை மூக்காயி முகத்தில் தெளித்தார்கள். மற்ற இரண்டையும் தெளித்தவர்கள் குடித்தார்கள். மூக்காயி கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"படம் முடிஞ்சிருச்சா?"

"இல்ல ஆத்தா, ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"அப்ப என்னைய ஏன் வெளிய தூக்கியாந்தீக? சண்டைய விட்டுட்டேனே! காசக் குடுங்க!"

பிச்சைமுத்து காசைக் கொடுத்தார். அந்த வாரத்தில் அவர் மயக்கத்துக்காகத் திருப்பிக் கொடுத்த ஆறாவது டிக்கெட் காசு அது.

திருவரங்குளத்தில் 'செவந்தி டாக்கீஸ்' என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை. செவந்தி என்பது பிச்சைமுத்துவின் மனைவி பெயர். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பதும் அவள்தான். போன வருஷம் வரை அது கீற்றுக் கொட்டகை. லைசென்ஸ் புதுப்பிக்க வந்த அதிகாரி, "தீப்பிடிச்சா என்ன ஆறது? தகரம் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். பிச்சைமுத்துவும் தகரம் போட்டார். அன்று முதல் கொட்டகைக்குத் தீப்பிடிக்கும் பயம் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்தவர்கள்தான் எரிந்தார்கள். அதிலும் பகல் இரண்டரை மணி ஆட்டம் என்றால் பணியாரச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி.

"ஏங்க, ஆலங்குடியில புதுசா ஒரு கொட்டகை கட்டுறாகளாம். சித்திரைக்குத் தொறக்குறாகளாம். உள்ள பூரா காத்தாடியாம்" என்றாள் செவந்தி.

"யாரு சொன்னா?"

"டிக்கெட் வாங்க வர்ற அம்புட்டுப் பேரும் சொல்றாக. நீங்க இங்கிட்டுக் காத்தாடி மாட்டாட்டி, சித்திரைக்கு நம்ம ரெண்டு பேருந்தான் படம் பாக்கணும். நானும் வருவேனாங்கிறது சந்தேகந்தான்."

மறுநாளே பிச்சைமுத்து அறந்தாங்கிக்கு ஆள் அனுப்பினார். அங்கே கடைத்தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருந்த ஹாஜா முகைதீன், காத்தாடி மாட்டுவதில் பேர் பெற்ற காண்ட்ராக்டர். பஸ் இறங்கி வந்தவர், கொட்டகை நடுவில் போய் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கையில் ஒன்றும் இல்லை.

"டேப்பு கொண்டாரலையா ராவுத்தரே?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"எதுக்கண்ணே?"

"நீளம் அகலம் அளக்க வேணாமா? அதை வச்சுத்தானே ரேட்டு?"

ஹாஜா முகைதீன் பரிவோடு சிரித்தார். "அது அந்தக் காலம்ணே. செவத்துக்கு வேர்க்குமா? தகரத்துக்கு வேர்க்குமா? மனுசனுக்குத்தான் வேர்க்கும். ஒரு மனுசன் உள்ள வந்து உக்காந்தா ஒரு சின்ன அடுப்பு எரியுதுன்னு கணக்கு. அடுப்பை எண்ணித்தான் காத்தாடி. காத்தாடியை எண்ணித்தான் ரேட்டு. ஞாயித்துக்கெழமை மேட்னிக்கு எம்புட்டுப் பேரு வருவாக?"

கூட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் பிச்சைமுத்துவுக்கு நெஞ்சு தானாக நிமிரும். நிமிர்ந்தது.

"அறுநூறு! நிக்கிறவன் தனி!"

"மாஷா அல்லாஹ்! அறுநூறு அடுப்பு. தலைக்கு ஏழு ரூவா. நாலாயிரத்து எரநூறு."

நிமிர்ந்த நெஞ்சு பழைய இடத்துக்குத் திரும்பி, அதற்கும் கொஞ்சம் உள்ளே போனது.

"நாலாயிரமா!"

"எரநூறு. நிக்கிறவுகளைச் சேக்கலைண்ணே. நின்னாலும் தலை தலைதானே?"

"ராவுத்தரே, அறுநூறுல பாதி பொம்பளைக இடுப்புல வர்ற பிள்ளைக!"

"பிள்ளைகளுக்கு அரை ரேட்டுதான் போடுவேன். ஆனா அழுகிற பிள்ளைக்கு முழு ரேட்டு. அழுதா சூடு கெளம்பும்."

"அழுகாத பிள்ளைய எவ சினிமாவுக்குத் தூக்கியாரா?"

"அப்பப் பாத்தீகளா, நான் கொறைச்சுத்தான் சொல்லியிருக்கேன். பீடி குடிக்கிறவுகளுக்குத் தலைக்கு ரெண்டு ரூவா கூட வரும்ணே. அது அடுப்புக்குள்ள அடுப்பு. அதை நான் ஒங்க மொகத்துக்காக விட்டுட்டேன்."

இதற்கு மேல் பேசினால் குறட்டை விடுகிறவனுக்கும் ஒரு ரேட் வரும் என்று பயந்து, பிச்சைமுத்து அவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, "யோசிச்சுச் சொல்றேன்" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

யோசித்தார். பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்துத் திருச்சியில் இருந்த ஒரு காத்தாடிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் பிரதிநிதி திரு. மரியசெல்வம் வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு நேரில் வந்து, கூட்டத்தைப் பார்வையிட்டு, அதன்பின் தக்க எஸ்டிமேட் கொடுப்பார்.'

'கூட்டத்தைப் பார்வையிட்டு' என்ற இடத்தைப் பிச்சைமுத்து விரலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

"பாத்தியா செவந்தி! இவனும் தலை எண்ணுற கம்பெனிதான்!"

"எண்ணிட்டுப் போகட்டுமே. உள்ளதைச் சொல்லி, கொறைச்சுக் கேட்டாப் போச்சு."

"உள்ளதைச் சொன்னா நாலாயிரம். நூறு தலைதான்னு காட்டிட்டா எழுநூறு. நீயே சொல்லு, எது தேவலை?"

"நூறு தலைக்குக் காத்து வாங்குனா அறுநூறு தலைக்கு எப்படிங்க பத்தும்?"

"காத்து என்ன சோறா, தீந்துபோக? பங்கு வச்சு எடுத்துக்கிருவாங்க."

ஆக, வருகிற ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. தொழிலுக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் கூட்டத்தைச் சேர்க்க அவர் செய்யாத வேலை இல்லை. கூட்டத்தைக் குறைக்க இதுவரை ஒன்றும் செய்ததில்லை. சேர்ப்பதற்குச் செய்ததைத் தலைகீழாகச் செய்தால் போதும் என்று நினைத்தார்.

முதலில், ஓடிக்கொண்டிருந்த கத்திச்சண்டைப் படத்தை எடுத்துவிட்டு 'நாகவல்லி நோன்பு' என்ற பழைய பக்திப் படத்துக்குச் சொல்லி அனுப்பினார். அந்தப் படம் முன்பு வந்தபோது கடைசி நாள் பதினோரு பேர் பார்த்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு வெள்ளாடும் உண்டு.

ஆனால் அந்த வாரம் பார்த்து வல்லத்திராக்கோட்டையில் ஒரு புற்றிலிருந்து நல்ல பாம்பு வெளியே வந்து, மூன்று தடவை படமெடுத்து ஆடிவிட்டு உள்ளே போய்விட்டது. பார்த்தவர்கள் இரண்டு பேர். சொன்னவர்கள் இரண்டாயிரம் பேர். புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று பெண்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, 'நாகவல்லி நோன்பு' என்று மஞ்சள் நோட்டீஸ் ஒட்டிய வண்டி அந்தப் பக்கம் போனது.

"மொதலாளி, மோசம் போனோம்" என்று சனிக்கிழமை காலையில் வந்து நின்றான் நாகராசு. கொட்டகையில் டிக்கெட் கிழிப்பதும் அவன்தான், ஊரூராகப் போய் விளம்பரம் கத்துவதும் அவன்தான். நாற்பது வயசு, குரல் மட்டும் நாலு பேருக்கானது. "வல்லத்திராக்கோட்டையில ஏழு வண்டி கட்டுறாக. மூக்காயிதான் ஆள் சேக்குது. நோன்புக்காரவுக அம்புட்டுப் பேரும் வாராக."

"அப்படியா? நீ வண்டிய எடு. ஊர் ஊராப் போயி, யாரும் வர வேணாம்னு சொல்லு."

"என்னன்னு?"

"வர வேணாம்னு. படம் நல்லால்லன்னு."

நாகராசு முதலாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தான். பிறகு தகரக் குழாயை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அன்று சாயங்காலம் வரை பன்னிரண்டு ஊர்களில் இந்த விளம்பரம் ஒலித்தது:

"பழைய படம்! அறுந்த படம்! மழை மழையாக் கோடு ஓடும்! பாதியில சத்தம் வராது! வேலை வெட்டி உள்ளவுக யாரும் வர வேணாம்!"

வயலில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

"கொட்டகைக்காரனே வராதேங்குறானே! அப்ப உள்ள என்னமோ இருக்குடா!"

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வரிசை கோயில் குளக்கரை வரை நீண்டிருந்தது. ஆண்கள், பெண்கள், நோன்புக் கயிறு கட்டியவர்கள், கட்டாதவர்கள், உள்ளே என்னமோ இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள்.

"ஜன்னலைச் சாத்து செவந்தி!" என்று கத்தினார் பிச்சைமுத்து.

"காசை நீட்டிக்கிட்டு நிக்கிறவளைத் திரும்பிப் போன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க" என்றாள் செவந்தி, சில்லறையை எண்ணிக்கொண்டே.

ஒன்றே முக்கால் மணிக்கு உள்ளே எழுநூறு பேர் இருந்தார்கள். திருச்சிக்காரர் வர இன்னும் முக்கால் மணி நேரம்தான். பிச்சைமுத்து கேட்டில் போய் நின்று, "உள்ள வெக்கை ஜாஸ்தியா இருக்கு. முடியாதவுக வெளிய வந்துரலாம். டிக்கெட்டுக் காசும் தாரேன், மேல பத்து நயா பைசாவும் தாரேன்!" என்று அறிவித்தார்.

அருமையாக வேலை செய்தது. உடனே இருபது பேர் வந்தார்கள். பிறகு முப்பது. பிறகு ஐம்பது. பிச்சைமுத்து மகிழ்ச்சியோடு காசை அள்ளி அள்ளிக் கொடுத்தார். அரை மணி நேரம் கழித்து நாகராசு அவர் காதருகே வந்தான்.

"மொதலாளி, அந்தச் செகப்புத் துண்டுக்காரருக்கு எத்தனை தடவை காசு குடுத்தீக?"

"ஒரு தடவை."

"நாலு தடவைங்க. இங்கிட்டுக் காசு வாங்கிட்டு அங்கிட்டுப் போயி டிக்கெட்டு எடுத்துட்டு மறுபடி உள்ள வாராரு. இப்பத்தான் சொந்தக்காரவுகளைக் கூப்புட ஆள் விட்டிருக்காரு."

பிச்சைமுத்து திரும்பிப் பார்த்தார். டிக்கெட் வரிசை குளக்கரையைத் தாண்டி வளைந்திருந்தது.

மணி அடித்துப் படம் ஆரம்பித்த நேரத்தில், புதுக்கோட்டையிலிருந்து வண்டிக்காரன் கருப்பனின் குதிரை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர், கையில் கறுப்புத் தோல் பையோடு இறங்கினார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நான்தாங்க மரியசெல்வம். திருச்சி கம்பெனி. பேஷ், பேஷ்! கூட்டம் பிரமாதமா இருக்கே!"

"இது நம்ம கூட்டம் இல்லீங்க சார்" என்றார் பிச்சைமுத்து அவசரமாக. "கோயிலுக்குப் போற கூட்டம். வழி இதுதான். நீங்க உள்ள வாங்க, எளநி சாப்பிடுங்க."

மரியசெல்வத்தின் முகம் வாடியது. 'பெரிய கணக்காப் போட்டு வச்சிருந்தாரு போல' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, பிச்சைமுத்து அவரை ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார். இளநீரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நாகராசுவைப் பிடித்தார்.

"உள்ள போயி பாம்பு பாம்புன்னு கத்து. ஒரு பய நிக்க மாட்டான்."

நாகராசு போனான். நாலு பேர் குரலையும் சேர்த்து, "பாம்பு! பெஞ்சுக்கு அடியில பாம்பு!" என்று கத்தினான்.

திரையில் அப்போது நாகவல்லி புற்றுக்கு முன்னால் கைகூப்பி நின்று பாடிக்கொண்டிருந்தாள். ஒரு நொடி எல்லாத் தலையும் பெஞ்சுக்கு அடியில் குனிந்தது. பிறகு மூக்காயியின் குரல் எழுந்தது:

"வந்துட்டாடி! நம்ம நோன்புக்கு எறங்கி வந்துட்டா!"

பெண்கள் பக்கம் முழுவதும் குலவை இட்டது. ஒரு அம்மாளுக்கு அருள் வந்தது. அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேருக்கு வந்தது. ஆண்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். பயத்தில் அல்ல, நன்றாகப் பார்ப்பதற்காக. வெளியே வரிசையில் நின்றவர்கள், 'நான் சொல்லலை, உள்ள என்னமோ இருக்குன்னு?' என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள்.

"அது என்ன சத்தம்?" என்று ஆபீஸ் அறையிலிருந்து மரியசெல்வம் கேட்டார்.

"படத்துல சார். கல்யாண சீன்."

நாகராசு மூச்சிரைக்க வந்தான். "மொதலாளி, பால் சொம்போட நாப்பது பொம்பளைக கேட்டுல நிக்கிறாக. சாமி கும்புட வந்தவுகளுக்கும் டிக்கெட்டு உண்டான்னு கேக்குறாக. என்ன சொல்ல?"

பிச்சைமுத்துவுக்கு அழுகை வந்தது. உள்ளே இப்போது ஆயிரம் தலைக்குக் குறையாது. ஆயிரம் ஏழு, ஏழாயிரம். அருள் வந்து ஆடுகிறவர்களுக்குத் தனி ரேட்டே இருக்கும்.

"இளநீர் அருமைங்க" என்று வாயைத் துடைத்துக்கொண்டு மரியசெல்வம் வெளியே வந்தார். "இப்ப ஆடியன்ஸைப் பாத்துரலாமா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலை நோக்கி நடந்தார்.

அந்தக் கறுப்புப் பையைப் பிச்சைமுத்து பார்த்தார். வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். போன மாதம்தான் இதே மாதிரிப் பையோடு இதே மாதிரி ஒருவர் ஊருக்குள் வந்தார். அன்று ஆண் பெண் அடங்கலும் பொழுது சாயும் வரை சோளக் கொல்லைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பிச்சைமுத்து கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஓடினார். திரைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"அம்மை குத்துறவரு வந்துட்டாரு! வாசல்ல நிக்கிறாரு! ஆளை எண்ணி எண்ணி, ஒருத்தரையும் விடாமக் குத்தப் போறாராம்!"

ஆயிரம் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. வாசல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் கால்சட்டை நின்றது. கொட்டகைக்குள் எவ்வளவு சூடு என்று பார்ப்பதற்காக, மரியசெல்வம் பையைத் திறந்து ஒரு நீளமான கண்ணாடிக் குழாயை வெளியே எடுத்தார். கண்ணுக்கு நேராகப் பிடித்து இரண்டு உதறு உதறினார்.

அவ்வளவுதான்.

கொட்டகையின் பக்கவாட்டில் அடைத்திருந்த தட்டி எல்லாம் பிய்ந்தது. அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த அம்மாளைப் பொறுத்தவரை, சாமி மலை ஏறியது. ஆசாமி வேலி ஏறியது. மூக்காயி பால் சொம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முதல் ஆளாகக் குளத்தங்கரையைக் கடந்தாள். சிவப்புத் துண்டுக்காரர் பாக்கி பத்துப் பைசாவைக்கூடக் கேட்கவில்லை. வெளியே நின்ற வண்டிகளில் பாதி, சொந்தக்காரர்கள் இல்லாமலே கிளம்பின.

வெயிலிலிருந்து வந்த மரியசெல்வத்தின் கண்ணுக்கு இருட்டுப் பழக நேரம் பிடித்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று தோன்ற இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. கழற்றிப் பார்த்தபோது, புழுதிக்கு நடுவில் அங்கொருவர் இங்கொருவராகச் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்கெனவே அம்மை குத்திக்கொண்டவர்கள், சட்டைக் கையை மேலே சுருட்டித் தழும்பைக் காட்டியபடி நிம்மதியாகப் படம் பார்த்தார்கள். மற்றவர்கள் தூங்கினார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் மரியசெல்வம்.

"இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்திங்க சார்" என்றார் பிச்சைமுத்து, மூச்சு வாங்கியபடி.

மரியசெல்வம் பேனாவால் ஒவ்வொரு தலையாகக் குறி வைத்து எண்ணினார். நாற்பத்து மூன்று.

"ஓரமா நிக்கிறாரே அவர்?"

"அது நம்ம டிக்கெட்டுக் கிழிக்கிற நாகராசு. சேக்காதீங்க."

"அங்க படுத்திருக்காரே?"

"அவரு படம் பாக்க வரல சார். தூங்க வாரவரு. அவரையும் அடிச்சிருங்க."

"சேத்துக்கலாமே, பரவாயில்ல" என்றார் மரியசெல்வம் கெஞ்சலாக.

'ஏழு ரூபாயை விட மாட்டேங்குறானே' என்று நினைத்த பிச்சைமுத்து, "வேணவே வேணாம் சார். நேர்மைன்னா நேர்மை" என்றார்.

"பண்டிகை நாள்ல கூட்டம் வருமில்ல?"

"பண்டிகைக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருவாங்க சார்."

"இதுதானே ஊரு?"

"வேற ஊருக்கு."

"புதுப் படம் போட்டா?"

"புதுப் படம்னா பயம் சார் அவுகளுக்கு. பழகுனப்பறம்தான் வருவாக."

மரியசெல்வம் பெருமூச்சு விட்டு நோட்டை மூடினார். ஆபீஸ் அறைக்குத் திரும்பி வந்து எஸ்டிமேட் போட்டார். வெக்கையை வெளியே தள்ளும் பெரிய காத்தாடி இரண்டு, அறுநூற்று இருபது. மேலே தொங்கும் காத்தாடி நாலு, ஐந்நூற்று அறுபது. ஒயர் வகையறா நூற்று அறுபது. ஆள்கூலியும் போக்குவரத்துச் செலவும் நூற்று இருபது. ஆக மொத்தம் ஆயிரத்து நானூற்று அறுபது.

நாலாயிரத்து இருநூறு எங்கே, இது எங்கே! பிச்சைமுத்துவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் பேரம் பேசாமல் விட்டால் சந்தேகம் வரும்.

"கொஞ்சம் கொறைங்க சார். நம்ம நெலமைய நேர்லயே பாத்துட்டீக."

"பாத்தேங்க" என்று கண் கலங்கினார் மரியசெல்வம். "அறுபதை எடுத்துட்டேன். என் கைச்செலவுல பாத்துக்கிறேன்."

பிச்சைமுத்து ஐந்நூறு ரூபாய் முன்பணம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். கிளம்பும்போது மரியசெல்வம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மனசைத் தளர விடாதீங்க. ஒரு காலம் வரும்" என்று சொல்லிவிட்டுக் கருப்பனின் வண்டியில் ஏறினார்.

வண்டி கண்ணுக்கு மறையும் வரை பொறுத்திருந்துவிட்டுப் பிச்சைமுத்து நிஜமாகவே குதித்தார்.

"செவந்தி! ரெண்டாயிரத்து எண்ணூறு ரூவா மிச்சம்! எம் மூளைக்கு எத்தனை தலைக்கு ரேட்டு போடுவாரு அந்த ராவுத்தரு?"

"தட்டி பூராப் பிஞ்சு கெடக்கு. காசை வாங்குன சனமும் ஓடிப்போச்சு, குடுத்த சனமும் ஓடிப்போச்சு. நாளைக்கு எவ வருவான்னு தெரியல" என்றாள் செவந்தி. ஆனாலும் அவள் முகத்திலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. நாலாயிரம் ஆயிரத்து நானூறு ஆவது லேசான காரியம் இல்லையே.

பிச்சைமுத்து நாகராசுவுக்கு ஒரு ரூபாய் இனாம் கொடுத்தார். தூங்கி எழுந்து வந்தவருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காத்தாடி சுற்றப்போகிற கொட்டகையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். வெயில் தாழ்ந்த நேரத்தில் கருப்பனின் வண்டி திரும்பி வந்தது.

"என்ன கருப்பா, சாரைப் பஸ் ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேனுங்க. தங்கமான மனுசன். வழி நெடுக ஒங்களை நெனச்சுத்தான் வருத்தப்பட்டாரு."

"எனக்காகவா? ஏமாந்தது அவரு. அவரு எதுக்கு எனக்காக வருத்தப்படணும்?"

"கம்பெனி வெவரத்தை முன்கூட்டியே சொன்னா, கொட்டகைக்காரவுக கூலிக்கு ஆள் புடிச்சு உக்கார வச்சு ஏமாத்திப்புடுறாகளாம். அதான் வாயைத் தொறக்காம வந்து எண்ணுறதாம். ஒங்களுக்கு எப்படியாச்சும் தேத்திப் பாத்தாராம், முடியலையாம்."

"என்ன வெவரம்? எதைத் தேத்திப் பாத்தாராம்?"

கருப்பன் குதிரைக்கு முன்னால் புல்லை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"நானூறு தலை தேறுச்சுன்னா, வாசல்ல கம்பெனி பேரை எழுதிவிட்டுட்டு, பன்னெண்டு காத்தாடியப் பைசா வாங்காம அவுகளே மாட்டிக் குடுத்துருவாகளாமுங்க."